பெயர் எழுத வந்த அம்மா

மாத்தளை
3.2.1979

அன்புள்ள புஷ்பம்,

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? என் முழங்கால் என்னைப் படியேற விடுவதில்லை. அதுகூடப் பரவாயில்லை, நேற்று முதியோர் இல்லக் கமிட்டியில் வாசித்த புகார்ப் பெட்டிசம்தான் நெஞ்சில் கிடக்கிறது. உங்கள் இல்லத்துக்குப் பாண் கொண்டுவரும் பேக்கரிக்கார மக்கீன் எழுதியிருக்கிறார். அங்கே இருக்கும் பாப்பம்மாக் கிழவியின் கன்னத்தில் வீக்கமும் கையில் விரல் தடமும் பார்த்தாராம். நீ அடிப்பதாகச் சொல்கிறார்.

விசாரிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நாங்கள் ஒரே தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். தோட்டத்து ஆட்களின் மனது உங்களுக்குத்தான் தெரியும் என்றார்கள். வியாழக்கிழமை வருகிறேன். அதற்கு முன் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அடித்தாயா?

உன் அக்கா,
மார்ஜரி


யட்டவத்த
5.2.1979

அன்புள்ள மார்ஜரி அக்காவுக்கு,

கமிட்டியில் சேர்ந்ததும் உங்கள் கையெழுத்துக்கூடப் பெரிய மனுஷி ஆகிவிட்டது.

இங்கே முப்பத்தொரு பேர். தூக்கவும் கழுவவும் நானும் ஸரீனாவும் மட்டும். அவளும் பாதி நாள் வருவதில்லை. வயதானவர்களின் தோல் தொட்டாலே கன்றிவிடும், கட்டிலிலிருந்து விழுந்தும் வைப்பார்கள். காய்ந்த பாணைத் திருப்பி அனுப்பினேன் என்று மக்கீனுக்கு என் மேல் கோபம். வந்து யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் பக்கத்தில்கூட நிற்க மாட்டேன். உங்களுக்குப் பலாக்கொட்டைக் கறி வைக்கிறேன்.

தங்கை,
புஷ்பம்


மாத்தளை
10.2.1979

அன்புள்ள புஷ்பம்,

மனப்பாரம் இறங்கிவிட்டது. ஃபைலை விரித்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்தேன். எல்லோரும் எழுந்து நின்று கைகட்டி, "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லைங்க, நாங்க இங்கேயே இருந்துக்கிறோம்" என்றார்கள். பாப்பம்மா என் காலையே பிடித்துக்கொண்டாள். குற்றம் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தேன். மக்கீனின் பாணை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கறி நன்றாக இருந்தது.

மார்ஜரி


மாத்தளை
20.5.1979

புஷ்பம்,

பாப்பம்மாவின் அடக்கத்தில் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பும்போது உங்கள் இல்லத்துச் செல்லச்சாமி என் பின்னாலேயே வந்தார். "அம்மா, இந்தியாவுக்குப் பேர் எழுத வந்தீங்கல்ல? பாப்பம்மா பேர வெட்டிடுங்க, அது இனிமே கப்பல் ஏறாது" என்றார்.

ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பப் பெயர் எழுதும் அம்மா என்று என்னை நினைத்திருக்கிறார்கள். குறை சொன்னால் கப்பலில் ஏற்றிவிடுவேன் என்று அத்தனை பேரும் பயந்திருக்கிறார்கள். பாப்பம்மா கடலையே பார்த்ததில்லை. ஃபைலோடு யார் வந்தாலும் என் அப்பாவும் இப்படித்தான் எழுந்து நின்று குறையில்லை என்பார். இது தெரியும் என்றுதானே என்னை அனுப்பினார்கள்.

ஃபைல் இல்லாமல் வெறுங்கையோடு கேட்டபோது செல்லச்சாமி எல்லாம் சொன்னார். படுக்கையை நனைத்தால் அடி. சேலைக் கிழிசலால் கட்டிலோடு கட்டியும் வைப்பாயாம். உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நான் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை. அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். நீ என்பதால் கவனிக்கவில்லை.

புதிய ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். முதலில் உன் பெயர், அடுத்தது கேட்கத் தெரியாமல் கேட்ட என் பெயர். மக்கீனின் கடைக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். அந்தக் கேள்விக்கு இப்போதாவது உன் கையால் பதில் எழுது.

மார்ஜரி


யட்டவத்த
24.5.1979

மதிப்புக்குரிய மார்ஜரி அம்மாவுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. சாவிக்கொத்தை ஸரீனாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஆமாம், அடித்தேன். பல நாள் அடித்தேன். ஒரே பகலில் நாலாவது தரம் படுக்கை மாற்றும்போது அது என் தாய் வயது என்பதே மறந்துபோகும். நியாயம் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் போனதும் பாப்பம்மா என்னைக் கூப்பிட்டாள். "நான் சரியாச் சொன்னேனாடி? கப்பல்ல ஏத்த மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நீங்கள் வாசலுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தீர்கள். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் திரும்பி வந்திருப்பீர்கள்.

"சரியாத்தான் சொன்ன, படு" என்றேன்.

புஷ்பவதி