நான் திருப்பிப் பார்க்காத தாள்

மச்சான்,

இன்று காலை உன் பிரிண்டரிலிருந்து ஒரு தாள் முக்கால்வாசி வெளியே வந்து நின்றது. எடுக்கக் கையை நீட்டினேன். சரசரவென்று திரும்ப உள்ளே போய்விட்டது. வாசல்வரை வந்து எதையோ சொல்ல நினைத்து, வேண்டாம் என்று திரும்பிப் போகிற ஆளைப் போல. உள்ளே புரண்டு, மறுபக்கமும் அச்சாகி, சூடாக வெளியே விழுந்தது. அந்தச் சூட்டு வாசனையில் உன் வீட்டு முன்னறை எழுந்து வந்தது. சுவரோரம் இன்சூரன்ஸ் பாரங்கள், நடுவில் நீ, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பிரிண்டருக்குத் தாள் ஊட்டிக்கொண்டு.

நாளை காலை பத்தரை மணிக்கு அப்பீல் விசாரணை. வக்கீலம்மா போனிலேயே சொல்லிவிட்டார். "அபிடவிட் ஒரு பக்கம்தான் சார் அடிக்கணும். பின்பக்கம் காலியா இருக்கணும். ரெண்டு பக்கமும் அடிச்சு எடுத்தாந்துடாதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க." உன் பிரிண்டர் கேட்கவில்லை. லேப்டாப்பில் 'இருபக்கம்' என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். சரியாக வந்தது. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி மறுபடி அனுப்பினேன். டிக் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. தாள் மறுபடி உள்ளே போனது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன் பிடிவாதம் இன்னும் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஒரு டிக்கின் மேல் நான்கு வருஷமாக எனக்குக் கோபம். அது உனக்கே தெரியும். தெருவுக்கே தெரியும். அந்தக் கோபம் நியாயமில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் தெருவில் பதினாறு வீடு. முதுநகர் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால், புறம்போக்கு என்று பதிவான மண்ணில், மூன்று தலைமுறையாகக் குடியிருப்பு. பதினாறு பேரும் சேர்ந்து பட்டா கேட்டு ஒரு மனுப் போடலாம் என்று ஆரம்பித்தது நீ. எழுதியது நான். வாசகத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட நீ மாற்றக் கூடாது என்று சொன்னதும் நான்தான். ஏழு பக்கம் வந்தது. உன் வழக்கப்படி இரண்டு பக்கமும் அடித்து நான்கு தாளில் முடித்தாய்.

"மனுவ யாராவது இப்படி அடிப்பாங்களா? பாதி சங்கதிய முதுகுல ஏத்தி வச்சிருக்க" என்றேன்.

"காகிதத்துக்கு முதுகுன்னு ஒண்ணு கிடையாது மச்சான். ரெண்டும் மூஞ்சிதான்" என்றாய்.

இரண்டாவது தாளில் பெயர்ப் பட்டியல். முன்பக்கம் ஒன்பது வீடு, பின்பக்கம் ஏழு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவரவர் கையெழுத்து. உன் வீடு ஐந்தாவது. என் வீடு பதினொன்று. பதினான்காவது வீட்டுப் பட்டம்மாள், மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், பேனாவைக் கத்தி பிடிப்பதுபோல் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். "யக்கா, மெதுவா. டேபிள்ள பேரு விழுந்துடப் போவுது" என்று நீ சொன்னாய். "வுழட்டுமே. நாளைக்கு எவனும் இல்லேன்னு சொல்ல மாட்டான் பாரு" என்றாள்.

அசலை ஆபீசில் கொடுக்கக் கூடாது, தொலைத்துவிடுவார்கள், நகல் கொடுத்தால் போதும் என்று சொன்னவனும் நான். அரசாங்க ஆபீஸ்கள் மேல் எனக்கு இருக்கிற மரியாதை உனக்குத் தெரியும். நகல் எடுக்கும் வேலையையும் நானே வாங்கிக்கொண்டேன். "சிதம்பரத்துல காலேஜ் பக்கத்துலயே கடை இருக்கு. நீ அலையாத" என்றேன்.

அன்றைக்குச் சிதம்பரத்தில் என்ன நடந்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை. காலையில்தான் துறைத் தலைவர் பதவி எனக்கு இல்லை என்று தெரிந்தது. என்னைவிட எட்டு வருஷம் இளையவனுக்கு, காலேஜ் முதல்வரின் மைத்துனனுக்கு வகுப்பெடுத்த தகுதியில், அது போய்விட்டது. மதியம் கீழவீதி ஜெராக்ஸ் கடையில் நின்றபடி, போனில் ஆசிரியர் சங்கத்துச் செயலாளரிடம் கத்திக்கொண்டிருந்தேன். மாணவர்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளோடு முண்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரப் பெண் நான்கு தாளையும் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்.

"பின்னாடி எதுனா இருக்கா சார்?"

"இல்லம்மா. சீக்கிரம் குடுங்க."

திருப்பிப் பார்க்கவில்லை, மச்சான். போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

நான்கு தாளின் முன்பக்கம் மட்டும் நகலானது. அதையே ஆபீசில் கொடுத்தேன். முதல் பக்கத்தில் பொருள் இருந்தது. கடைசித் தாளில் தெருவின் சார்பாக நீயும் நானும் போட்ட கையெழுத்து இருந்தது. ஆரம்பமும் முடிவும் இருக்கிற எதையும் யாரும் நடுவில் பார்ப்பதில்லை. அடியில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று எண்கள் ஓடியதை நான் பார்க்கவில்லை. சீல் குத்தியவர் பார்க்கவில்லை. பட்டியலில் பெயரே இல்லாத ஒருவன் எதற்குக் கடைசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்றும் எவரும் கேட்கவில்லை. அவர்களை இன்னும் நான் மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு.

ஒன்பது வீட்டுக்குப் பட்டா வந்தது. ஏழு வீட்டுக்கு, மனுதாரர் பட்டியலில் இல்லை என்று ஒரு வரி வந்தது.

அன்று நேராக வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து அசலை எடுத்தேன். இரண்டாவது தாளைத் திருப்பினேன். பத்து முதல் பதினாறு வரை, ஏழு பெயர், ஏழு கையெழுத்து. என் கையெழுத்தும் அதில்தான். தாளை மறுபடி முன்பக்கம் திருப்பியபோது விரலில் ஏதோ நெருடியது. பட்டம்மாள் அழுத்திப் போட்டது முன்பக்கத்தில் மேடாக எழுந்திருந்தது. அன்றைக்குக் கடையில் கட்டைவிரலால் ஒரு தடவை தடவியிருந்தால் போதும். கண்ணால் பார்த்திருக்கக்கூட வேண்டாம்.

அசலை மறுபடி பீரோவில் வைத்தேன். கீழ்த்தட்டில், சர்டிபிகேட்டுகளுக்கு அடியில்.

சாயங்காலம் உன் வீட்டு வாசலில் தெரு கூடியது. பட்டம்மாள்தான் முதலில் ஆரம்பித்தாள். "ஏஜெண்ட் ஐயா பேரு முன்னாடி. எங்க பேரெல்லாம் முதுகுல. நல்லா யோசிச்சுத்தான் அடிச்சிருக்காரு." நீ என்னைப் பார்த்தாய். நான் சொன்னேன், "நான் அப்பவே சொன்னேன், ரெண்டு பக்கமும் அடிக்காதேன்னு." அது பொய் இல்லை. அந்த உண்மையை வைத்து உன்னை அடித்தேன். இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவனுக்கு, ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை என்று பதினாறு குடும்பத்துக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

"அந்த ஒரிஜினல் எங்க மச்சான்?" என்று கேட்டாய்.

"ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க" என்றேன்.

அதன்பிறகு நான்கு வருஷம் நீ ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கினாய். பட்டா கிடைத்தவன் எதற்கு அலைகிறான், குற்றவுணர்ச்சி, என்றார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குக் கொஞ்சநாளில் உன்மேல் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. உன் வீட்டுக்குப் பட்டா, என் வீட்டுக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் என்று நினைத்து நினைத்து அதை வளர்த்தேன். தீபாவளிப் பலகாரம் உன் வீட்டுக்குப் போவது நின்றது. கிறிஸ்துமஸ் கேக்கை உன் ஸ்டெல்லா கொண்டு வந்தபோது வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

கடைசியாகப் பேசியது ரயிலில். நீ ஒரு பாலிசி விஷயமாகப் புவனகிரி போக வேண்டி, சிதம்பரம்வரை என் பெட்டியில் ஏறினாய். எதிர் சீட். இரண்டு ஸ்டேஷன்வரை இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். பிறகு நீ சொன்னாய்.

"யாரு பண்ணதா இருந்தாலும் சரி மச்சான். நாம ரெண்டு பேரும் சேந்து போய் சொல்லிடலாம். நான் கூட வரேன்."

"எனக்கு எதுவும் சொல்றதுக்கு இல்ல" என்று எழுந்து கதவுப்பக்கம் போய் நின்றுகொண்டேன். உனக்குத் தெரிந்திருந்ததா, இல்லை நீ எல்லோரிடமும் பேசுவதுபோல் பேசினாயா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. உன் இறுதி ஊர்வலத்தில் ஏழாவது வரிசையில் நடந்தேன்.

போன வாரம், நீ அலைந்து போட்டிருந்த அப்பீலுக்கு அழைப்பு வந்தது. ஏழு வீட்டாரும் முதல் மனுவிலேயே இருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் வீடுகளைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ் அப்படியே அமலுக்கு வரும். அடுத்த நாளே ஸ்டெல்லா உன் பழைய லேப்டாப்பையும் பிரிண்டரையும் பெட்ஷீட்டில் கட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"மனு பைலெல்லாம் இதுலதான் இருக்குண்ணே. கேஸுக்கு எதுனா ஒதவுமான்னு பாருங்க. வீட்ல யாரும் தொடுறதில்ல."

வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்ல எனக்கு நேரமானது.

அவள் போனபிறகு பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து அசலை எடுத்து மேசைமேல் வைத்தேன். அபிடவிட்டை நானே எழுதினேன். நகல் எடுத்தது நான். பின்பக்கம் இல்லை என்று சொன்னதும் நான். அசல் இத்தனை நாளும் என்னிடம்தான் இருந்தது. ஒரே பக்கம்.

ஆபீசருக்குச் சொல்வதற்கு முன் தெருவுக்குச் சொல்ல வேண்டும் என்று நேற்றுக் காலை பட்டம்மாள் வீட்டுக்குப் போனேன். கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க என்னா சார் படிச்சிருக்கீங்க?"

"எம்.ஏ., எம்.பில்."

"நல்ல படிப்பு."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நாலு வருசம் அந்த மனுசன வாய்க்கு வந்ததெல்லாம் பேசினனே. செத்த அன்னிக்கு மாலை வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சேன் சார் நானு." பிறகு, "ஸ்டெல்லாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அங்க போவாம இங்க எதுக்கு வந்தீங்க? போங்க மொதல்ல."

போனேன். உன் முன்னறையில் உட்கார்ந்து, அபிடவிட்டை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். முடித்ததும், பழக்கத்தில் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். உன்னோடு இருபது வருஷம் வாழ்ந்தவள்.

"இதுல அவரு பேரே வரலியேண்ணே" என்றாள்.

"தப்பு என்னுது. அதான் என்னப் பத்தி மட்டும்..."

"நீங்க தப்பு பண்ணீங்கன்னு இருக்கு. அவரு பண்ணலேன்னு எங்க இருக்கு? அவரு அடிச்சுக் குடுத்தது முழுசா இருந்துச்சுன்னு எழுதுங்க. பேரு போட்டு எழுதுங்க. ஆபீசரு படிக்கணும். தெருவுலயும் ஒரு காபி ஒட்டணும்."

எழுதினேன். உன் முழுப் பெயரையும், உன் அப்பா பெயரையும் போட்டு, நீ அச்சிட்டுத் தந்த மனு ஏழு பக்கமும் பதினாறு பெயரும் குறைவின்றி முழுமையாக இருந்தது என்று. அதற்குப் பின் நடந்த அலைச்சல் முழுக்க உன்னுடையது என்றும். ஒரு பக்கம் இரண்டாகிவிட்டது. அதனால்தான் இன்று காலை உன் பிரிண்டர் தாளை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒற்றைப் பக்கமாக இருந்தவரை அதற்கும் எனக்கும் சண்டை வரவில்லை.

அச்சிடும்போது டிக்கை எடுத்தால் அந்த ஒரு முறைக்குத்தான் செல்லுபடி என்று ஒரு மணி நேரம் போராடிய பிறகு புரிந்தது. செட்டிங்ஸில் பிரிண்டர்கள் என்ற இடத்துக்குப் போய், இதன் பெயரை அழுத்தி, இதற்கென்று நீ வைத்திருக்கும் விருப்பங்களைத் திறந்து, அங்கே எடுக்க வேண்டும். எடுத்தேன். உன் கையைப் பிடித்து விலக்குவதுபோல்தான் இருந்தது. மன்னித்துக்கொள், சட்டம் அப்படி. இரண்டு பக்கமும் இரண்டு தாளாகவே வந்தன. வேலை முடிந்ததும் அந்த டிக்கை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டேன். இனி அது அங்கேதான் இருக்கும்.

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. அசலைப் பார்த்து ஏற்றுக்கொள்ளலாம். நான்கு வருஷம் ஒளித்து வைத்தவனின் ஆதாரத்தை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேட்கட்டும், பதில் இருக்கிறது. இங்கே கிடைக்கவில்லையென்றால் மேலே போவேன். எனக்குப் பகையை வருஷக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கத் தெரியும். அந்தப் பிடியை முதல் தடவையாக ஓர் உருப்படியான காரியத்துக்குப் பயன்படுத்தப் போகிறேன். ஸ்டெல்லா கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பட்டம்மாள் நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

அபிடவிட்டில் வக்கீலம்மா முன்னால் கையெழுத்துப் போட்டேன். எப்போதும்போல் சுழித்துப் போடவில்லை. பேனாவைக் கத்தி பிடிப்பதுபோல் பிடித்து அழுத்திப் போட்டேன். "மெதுவா சார், கிழிஞ்சுடப் போவுது" என்றார்.

வீட்டுக்கு வந்து ஃபைலில் வைப்பதற்கு முன் தாளைத் திருப்பினேன். இப்போதெல்லாம் பால் கணக்குச் சீட்டைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் கீழே வைப்பதில்லை. பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. கட்டைவிரலால் தடவினேன். கீழே, இடது மூலையில், என் பெயர் மேடாக எழுந்திருந்தது.