இருபத்தொரு புளியங்கொட்டை

1937 ஜூன் 7, திங்கள்

இன்றும் விடியுமுன்பே நெஞ்சு படபடத்தது. எதற்கு? வீட்டில் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லையே.

சென்ற மாதம் பெண்கள் பள்ளிக்கூட வேலைக்காகப் பேட்டிக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பெயர் என்ன என்றார்கள். "ஆறுமுகநயினார்" என்றேன். அது அப்பாவின் பெயர். அதன்பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. லட்சணம் இது.

ஜூன் 9

கஷாயம் இரண்டு, மந்திரித்த கயிறு ஒன்று ஆனபிறகு, அம்மா லேடி டாக்டர் தங்கபாயிடம் அழைத்துப் போனாள். டாக்டர் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார்.

"காலேஜுக்கு எப்படிப் போவே?"

"நடந்து."

"இப்போ?"

"இப்போ... அடுக்களைக்கும் கிணத்துக்கும்."

"அதாக்கும் உன் தீனம், வேற நோவு ஒண்ணுமில்ல. தெனம் ரெண்டு மைல் நடக்கணும், வேர்க்க வேர்க்க. மனசு தன்னால அடங்கும்."

மருந்துச் சீட்டில் வேறொன்றும் இல்லை. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு மைலா? நம்ம பொண்ணு சாலைக்கடை வழியே சும்மா நடந்தா, மண்டிக்குப் புளி எடுக்க வாறவன் என்ன கேப்பான்?"

நியாயம்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் எங்காவது போவதற்காக நடக்கலாம். நடப்பதற்காக நடக்கக்கூடாது.

ஆகஸ்டில் இன்னொரு பேட்டி. அதிலும் ஊமையானால், வடசேரிச் சம்பந்தத்துக்குச் சரி என்று அப்பா எழுதிவிடுவாராம். பெண் வாய் திறப்பதில்லை என்று கேட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொம்ப சந்தோஷமாம்!

ஜூன் 11

வழி கிடைத்துவிட்டது. தெருக்கோடி முருகன் கோவில். வெளிப்பிராகாரம் ஒரு சுற்று, என் அடியில் இருநூற்றிருபது. இருபத்தொரு சுற்று ஏறத்தாழ இரண்டு மைல்.

"நாற்பத்தோரு நாள் பிரதட்சிணம் நேர்ந்திருக்கேன்" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

"எதுக்குட்டி?" என்றாள் அம்மா.

"வெளியே சொன்னா பலிக்காதும்மா."

அப்பா வடசேரி என்று நினைத்துக்கொண்டார். முகம் அப்படி மலர்ந்தது. முருகா, பொறுத்துக்கொள்.

ஜூன் 13

மண்டியிலிருந்து எடுத்து வந்த இருபத்தொரு புளியங்கொட்டை மடியில். சுற்றுக்கு ஒன்றாக விளக்குத்தூண் அடியில் வைத்துக்கொண்டே போனேன். ஒன்பதாம் சுற்றில், அக்ரகாரத்து நாகலக்ஷ்மி மாமி வழிமறித்தாள்.

"என்னடி இது ஓட்டம்? பிரதட்சிணம்னா, நெறமாசக்காரி தலையிலே எண்ணெய்க்குடத்தோட நடக்கறாப்பலேன்னா நடக்கணும்!"

எனக்கு வாய் வரவில்லை. வேர்வை வந்தது. டாக்டர் சொன்னபடி.

ஜூன் 14

ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த பதிலை மாமியிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் — "தீபாராதனைக்குள்ளே முடிக்கணும்னு நேர்ச்சை, மாமி."

நம்பிவிட்டாள்! நானா சொன்னேன்?

ஜூன் 20

மழை. குடையோடு இருபத்தொன்று. தோசை ஆறு. நல்ல தூக்கம்.

ஜூன் 26

விலக்கு. மூன்று நாள் பின்கட்டில்தான். கோவில் இல்லை. நேர்ச்சைக்கு இந்த நாட்கள் கணக்கில்லை என்றாள் அம்மா. படபடப்புக்கு அந்த ஆசாரமெல்லாம் தெரியாதே. அது வந்துவிட்டது.

ஜூன் 27

காலையிலிருந்து அந்த மூன்று பேரும் மேசையும் கண்ணுக்குள். தாங்க முடியவில்லை. கொல்லையில் ஆளில்லாத நேரம் பார்த்து, கிணற்றுக்கும் தென்னைக்கும் நடக்கத் தொடங்கினேன். போக, வர, போக, வர — திரும்பிப் பார்த்தால் அடுக்களை வாசலில் அம்மா.

என்ன சொல்வேன்? கிணற்றுக்கும் நேர்ந்துகொண்டேன் என்றா?

அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்து, தள்ளி நின்றபடி, ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை என் முன்னால் தரையில் போட்டாள்.

"எண்ணாம நடந்தா எப்படி? டாக்டரம்மா ரெண்டு மைலுன்னுல்லா சொன்னாவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எப்பம்மா தெரியும்?"

"மொத நாளே வந்து பாத்தேன்லா. சாமி கும்பிடுறவ சன்னதிக்கு நேரா வாறப்போ ஒரு நிமிஷம் நிக்காண்டாமா? நீ முருகனைத் தாண்டி ஓட்டமால்லா ஓடுதே!"

அழுகையோடு சிரிப்பும்.

ஜூலை 6

என் முகத்தில் களை வந்துவிட்டதாம். நேர்ச்சை பலிக்கிறது என்று மாமி தன் மகள் பாகீரதியையும் கூட அனுப்பிவிட்டாள். பாவம், ஐந்தாம் சுற்றில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, முருகனா இதைக் கேட்டார்?" என்கிறாள்.

ஜூலை 15

நான்கு பெண்கள் ஆகிவிட்டார்கள். கொட்டை போதாமல் நானே உரக்க எண்ணுகிறேன். "ஏழு! பாகீரதி, கையை வீசு!"

கையை வீசுவது சாஸ்திரத்தில் உண்டா என்று மாமி கேட்டாள். "உண்டு மாமி" என்றேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பொய் சொல்லும்போது மட்டும்தான் நடுங்காதோ?

ஜூலை 26

நாற்பத்தொன்று முடிந்தது. பெண்கள் யாரும் நிறுத்துவதாக இல்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 6, வெள்ளி

பேட்டி. வண்டி வேண்டாம் என்று அம்மாவும் நானும் நடந்தே போனோம். இம்முறை நான்கு பேர். கை நடுங்கியது, இல்லை என்று எழுதினால் இந்த நோட்டே சிரிக்கும். முந்தானை முடிச்சில் ஒரு புளியங்கொட்டை. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"பெயர்?"

"உலகம்மை." என்னுடைய பெயர்தான்! "அப்பா பெயர் ஆறுமுகநயினார்."

டிரில் வகுப்பும் எடுக்க முடியுமா என்றார் நடுவில் இருந்தவர்.

"முடியும். நான்கு பெண்களைத் தினம் இரண்டு மைல் நடக்க வைக்கிறேன்."

"எங்கே?"

"கோவிலில்."

நால்வரில் ஓரத்தில் இருந்த அம்மாள் சிரிப்பை அடக்க இருமினார்.

ஆகஸ்ட் 19

வேலை உத்தரவு வந்துவிட்டது! அப்பா அதை மண்டிக்குக் கொண்டுபோய், வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாராம். மாமி வந்து, "நேர்ச்சை வேறெங்கேயோ போய்ப் பலிச்சுடுத்தே" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 21

அப்பா வடசேரிக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. ஒட்டி, என் கையில் தந்தார். தெருமுனை அஞ்சல்பெட்டியில் போட்டுவிடவா என்றேன்.

"அதுல போடாண்டாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அஞ்சலாபீஸிலே கொண்டுபோய்ப் போடு."

அஞ்சலாபீஸுக்குப் போக ஒரு மைல். வர ஒரு மைல்.