மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த அம்மி

ஜனவரி 4, வியாழன்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல்தான் வெயில். அடுப்படி கழுவல் இன்னும் முடியவில்லை.

மழை வெள்ளத்தோடு ஆற்றில் வந்த கறுப்பு எண்ணெய். வீட்டுக்குள் முழங்கால் வரை. தண்ணீர் வடிந்துவிட்டது, எண்ணெய் வடியவில்லை. சுவரில் கோடாக நிற்கிறது. எந்தக் கம்பெனி விட்டது என்று கேட்டால் ஒவ்வொருத்தனும் அடுத்தவன் பக்கம் கை காட்டுகிறான். நாசமாய்ப் போகட்டும்.

சாமான்களை வாசலில் பரப்பிப் பார்த்ததில்:
தேறியது - எவர்சில்வர் எல்லாம், இட்லிக் குண்டான், குக்கர் (கேஸ்கெட் காலி).
தேறாதது - மிக்சி, மரக்கரண்டி, முறம், சல்லடை.
சந்தேகம் - அம்மி, அருவாமனை, மண்சட்டிகள்.

மகள் சுகுவுக்குத் தை பிறந்ததும் வளைகாப்பு. மாசியில் பிரசவம். தலைச்சன். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை இங்கே அழைத்து வர வேண்டும். பத்தியம் வைக்க அடுப்படி வேண்டும். பால் சுரக்கச் சுறாப் புட்டு, அதற்கு மிளகும் பூண்டும் அம்மியில் அரைக்க வேண்டும். போனில் சம்பந்தியம்மா: "வூடு மொதல்ல சரியாவட்டும் அண்ணி. நான் ஒருவாட்டி வந்து பாத்துட்டு சொல்றேன்."

பார்த்துவிட்டுச் சொல்வாளாம். பெண் கேட்டு வந்த அன்று இதே அடுப்படியில் சப்பணம் போட்டு நண்டுக் கால் உறிஞ்சியவள். அவள் அப்பாவும் வலை இழுத்தவர்தான். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

ஜனவரி 6, சனி

சர்ச் பக்கம் நிவாரணம் கொடுத்தார்கள். வரிசை. டோக்கன். பின்னால் ஒருத்தி, "போன வாட்டி போர்வ குட்த்தாங்க, இந்த வாட்டி இன்னாவோ."

இந்த வாட்டி சமையல் சாமான். பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிறது, வீட்டுச் சமையலுக்கு இன்றியமையாத கருவிகள் என்று. உள்ளே: சப்பாத்திக் கட்டை, பலகை. விரல் நீளத்துக்கு ஒரு கத்தி. காய் தோல் சீவுகிற ஒன்று. ஒட்டாத தவா. அதற்கு ஒரு பிளாஸ்டிக் கரண்டி. ஒரு ஏப்ரன்.

பக்கத்து வீட்டு சாந்தி: "யக்கா, நம்ம வூட்ல எவன் சப்பாத்தி துன்றான்? இத்த வச்சு இன்னா பண்றது?"

கழுத்தில் அட்டை மாட்டிய பெண் ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளை, சிரித்த முகம். ஒரு மண்சட்டியும் அருவாமனையும் கிடைக்குமா என்று கேட்டேன். "அருவாமனைன்னா என்ன ஆன்ட்டி?" சொன்னேன். "அதான் கத்தி இருக்கே."

தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாளை மீனைப் பிடித்து அறுக்கிறவளுக்கு விரல் நீளக் கத்தி. பெட்டியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். எனக்கே என் மேல் ஆத்திரம்.

சாயங்காலம் சாந்தி அந்தச் சீவுகிற சாமானால் சங்கரா மீன் செதில் எடுத்துப் பார்த்தாள். செதிலோடு சதையும் வந்தது.

ஜனவரி 7, ஞாயிறு

இவர் போட்டிலிருந்து ஒரு கேன் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். எஞ்சின் கிரீஸ் பட்ட கையை இவர்கள் அதில்தான் கழுவுவார்கள். எங்கள் வீட்டில் எண்ணெய்ப் பிசுக்கு எதுவானாலும் அதுதான் மருந்து.

எவர்சில்வருக்கு மண்ணெண்ணெய்த் துணி, பிறகு சோப்புத்தூள், பிறகு கொதிக்கிற தண்ணீர். பளிச்சென்று வந்துவிட்டது. அருவாமனைக் கட்டை ஊறி உப்பியிருந்தது. இவர் இரும்பைத் தட்டிக் கழற்றி, பழைய போட்டுப் பலகை ஒன்றில் ஏற்றிக் கொடுத்தார். இந்த மனுஷன் வாயைத் திறந்து ஆறுதல் சொல்ல மாட்டார், கை வேலை செய்யும்.

அம்மிதான் பாடாய்ப் படுத்தியது. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு. அரை கேன் ஊற்றினேன். மத்தியானத்துக்கு மேல் கல் தன் நிறத்துக்கு வந்தது. முதுகு ஒடிந்தது. மனசு கொஞ்சம் லேசு.

ஜனவரி 10, புதன்

மேகமூட்டம். மணலிப் பக்கமிருந்து அந்த அழுகின முட்டை நாற்றம் வேறு.

மண்சட்டிகளை அடுப்பில் வெறுமனே சுட வைத்தேன். சூடு ஏற ஏற அடியிலிருந்து கறுப்பாக வேர்த்தது. துடைத்தேன், மறுபடி வேர்த்தது. மூன்றும் தேறாது. சமையலுக்கு ஆகிற பதத்துக்கு அவற்றைக் கொண்டுவர எத்தனை நாள் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கியிருப்பேன். அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன். சட்டிக்கு அழுதேனா, வேறு எதற்கு அழுதேனோ தெரியவில்லை.

அம்மியில் தேங்காயும் மிளகாயும் வைத்து அரைத்துப் பார்த்தேன். முதல் அரைப்பைக் கொட்டிவிட்டேன். இரண்டாவதை இவரிடம் கொடுத்தேன்.

"வாசன வருதா?"

"இன்னாமே வாசன? எனுக்கு ஒண்ணும் தெர்ல. நல்லாத்தான் கீது."

சாந்தியும் நக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாள். நானும் முகர்ந்தேன். தேங்காய் வாசனைதான்.

ஜனவரி 14, ஞாயிறு. போகி

தெருவே புகை. மரக்கரண்டி, முறம் எல்லாம் நெருப்பில். எண்ணெய் குடித்த கட்டை என்பதால் குப்பென்று பிடித்தது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

சட்டிகளைக் கடலோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். உடைக்க மனசு வரவில்லை. திருவொற்றியூரில் புதுச் சட்டி வாங்கியாயிற்று. கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

சுகு போனில்: "யம்மா, அடுப்படில புது பெயின்ட் அட்சியா?" அடித்தாயிற்று. ரோஸ் கலர். "எப்ப வந்து இஸ்துகினு போவ?" என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் பத்து அம்மி தேய்க்கலாம்.

ஜனவரி 21, ஞாயிறு

சம்பந்தியம்மா வந்தாள்.

விடியற்காலையில் நானே காசிமேடு போனேன். இங்கே பிடித்ததை வைத்தால் எண்ணெய் மீன் என்பாள். பெரிய இறால். தொக்கு, சாதம், ரசம், அம்மியில் அரைத்த தேங்காய்த் துவையல். அதைத்தான் காட்ட நினைத்தேன். பாருடி, என் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது, என் பெண்ணை அனுப்பு என்று.

சுவரைப் பார்த்தாள். பாத்ரூம் பார்த்தாள். "பளபளன்னு வச்சுகினு கீறீங்க அண்ணி," என்றாள். எனக்குப் பெருமை வழிந்தது. இலை போட்டேன்.

தொக்கு சாப்பிட்டாள். துவையலை ஒரு வாய் வைத்தாள். மெல்லவில்லை. என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"அண்ணி, இதுல இன்னா ஊத்துனீங்க? மண்ணெண்ண வாட தூக்குது."

நான் ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. இவரைப் பார்த்தேன், அவரும் நக்கிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரியவில்லை என்பது அந்த முகத்திலேயே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் வாடைக்கு எங்கள் தெரு மொத்தத்துக்கும் மூக்கு செத்துப்போயிருக்கிறது. செத்த மூக்குகளிடம் போய் வாசனை வருதா என்று கேட்டிருக்கிறேன். கம்பெனிக்காரன் விட்ட எண்ணெயைத் துடைத்து, என் கையாலேயே வேறு எண்ணெயைக் கல்லுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

சம்பந்தியம்மா கோபப்படவில்லை. அதுதான் எரிகிறது. "பச்ச ஒடம்புக்காரி அண்ணி, நீங்களே யோசிங்க. எங்க வூட்லயே இருக்கட்டும். நீங்க எப்ப வேணா வந்து பாருங்க." மீதி சோற்றை ரசம் ஊற்றிச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். பெரிய மனுஷி.

ஜனவரி 22, திங்கள்

சுகு போன். நான் பேசுவதற்குள் அவளே, "யம்மா, நான் இங்கியே இருந்துக்கறேன். நீ பேஜார் ஆவாத."

"உங்க மாமியா சொல்லச் சொன்னாளா?"

"இல்லம்மா. எனுக்கே பயமா கீது."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டாளாம்.

அம்மியை இவர் வாசலுக்கு உருட்டிவிட்டார். சாந்தி துணி துவைக்கக் கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன்.

ஜனவரி 28, ஞாயிறு

வளைகாப்பு, அவர்கள் வீட்டு மாடியில். நல்ல கூட்டம். சாப்பாடு ஓட்டலில் சொல்லிவிட்டார்கள். நான் வளையலும் பூவும் மட்டும். சுகு முகம் உப்பியிருந்தது. முடிந்ததும் வந்தவர்கள் எல்லாரும் காரில் ஏறினார்கள், நானும் இவரும் மெட்ரோவில் திரும்பினோம்.

பிப்ரவரி 12, திங்கள்

ஆண் பிள்ளை. பிறந்த பிறகுதான் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குழந்தை கண்ணாடி அறையில், ஒருத்தர்தான் போகலாமாம். சம்பந்தியம்மா போனாள். சுகு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கத்திலேயே இருந்தாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

வெயில் ஆரம்பித்துவிட்டது. பால் சுறா கிடைத்தது, குட்டி. வண்ணாரப்பேட்டைக்கே எடுத்துப் போய் அவர்கள் அடுப்படியில் செய்தேன். எந்தச் சாமான் எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியிருந்தது. "அந்த வாணலி வேணாம் அண்ணி, அது சைவத்துக்கு." "கரண்டி இத்த எடுத்துக்கங்க." மிளகு பூண்டு அவர்கள் மிக்சியில். உதிர்த்து, வதக்கி, சரியான பதம். சுகு தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அது போதும் என்றுதான் இருந்தது.

பிறகு குழந்தைக்குக் கை நீட்டினேன். துணிக்குள் நெற்றி மட்டும் தெரிந்தது. சுகு கொடுக்கவில்லை.

"யம்மா, ஒருவாட்டி குளிச்சுட்டு வந்து தூக்கேன்."

"குளிச்சுட்டுதாண்டி வந்தேன்."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. சம்பந்தியம்மா துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

அவர்கள் சோப்பை இரண்டு தரம் போட்டேன், தலைக்கும் ஊற்றினேன். வந்து பார்த்தால் கதவு சாத்தியிருந்தது. "இப்பதான் ரெண்டு பேரும் தூங்குனாங்க அண்ணி." கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. கிளம்பிவிட்டேன்.

இவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வருவதற்குள், "இன்னாமே, புள்ள யாரு ஜாட?"

சுகு ஜாடை என்று சொல்லிவிட்டேன்.