பானுமதிக்காகச் சொன்ன சாட்சி

ஸ்ரீரங்கம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஹரிஹரசுதனுக்கு அம்மா எழுதுவது. நீயும் யாழினியும் குழந்தையும் நல்லபடி இருக்க அரங்கன் துணை. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. போனில் சொன்னால் போன ஞாயிற்றுக்கிழமை போலப் பாதியிலேயே குறுக்கே விழுவாய், அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், முழுசாகப் படி. அப்பாவுக்கு நேற்று டயாலிசிஸ் ஆனது, கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, உப்பில்லாத சாப்பாட்டுக்குத்தான் தினமும் சண்டை.

தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு நான் சேவைக்குப் போவது உனக்குத் தெரியும். எங்கள் திருப்பாவை கோஷ்டிக்கு அந்த மேனேஜர் வந்து, கோயில்ல படுத்திருக்கிற பெருமாள்தாம்மா எங்க கட்டில்லயும் படுத்திருக்கார், கைங்கரியம் பண்ண வாங்க என்று கூப்பிட்டபோது, அது லாபத்துக்கு நடக்கிற கம்பெனி என்று எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் சம்பளம் என்ன என்று கேட்டிருப்பார்கள், நாங்கள் சேலை என்ன கலர் என்று கேட்டோம். நாங்கள் போன பிறகு வார்டு ஆயாக்களை ஒவ்வொருவராக வேலையிலிருந்து நிறுத்தினார்கள், அவர்கள் தள்ளிய ஸ்ட்ரெச்சரை நாங்கள் தள்ளினோம். என்னைத் தலைவி என்றார்கள், யாருக்கு எந்த வார்டு என்று மேனேஜர் சொல்வார், தாமதமாக வருகிறவளை நான் திட்டுவேன். அப்படி நான் விரட்டி விரட்டி வேலை வாங்கியவர்களில் ஒருத்திதான் பானுமதி. ஈரத் தரையில் ஸ்ட்ரெச்சரோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவங்க எங்க ஸ்டாஃப் இல்லை, தானா வந்தவங்க, ஈ.எஸ்.ஐ. காப்பீடு எல்லாம் கிடையாது என்று எக்ஸ்ரே எடுத்ததோடு அனுப்பிவிட்டார்கள். அவள் இப்போது அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள், அவள் வீட்டுக்காரர் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் நம் வீட்டுக்கே வந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை. விசாரணையில கேட்டா, இஷ்டப்பட்டா வருவோம் இஷ்டப்பட்டா போவோம்னு மட்டும் சொல்லிடுங்கம்மா என்றவர், அப்பாவைப் பார்த்துச் சிரித்து, சாருக்கு நம்மகிட்டதானே டயாலிசிஸ், நல்லாப் பாத்துக்கறாங்களா என்று கேட்டார். அவர் படி இறங்கியதும் உனக்குப் போன் போட்டால் நீயும், வாலன்டியர்னா தொழிலாளி இல்லம்மா, உனக்கு ஏன் வம்பு என்றாய். நீ கம்பெனிக்கு ஆள் எடுக்கிறவன், உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சட்டம் தெரிந்து சொன்னாயா, அப்பாவை நினைத்துப் பயந்து சொன்னாயா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இன்று காலை விசாரணைக்குப் போனேன். அதிகாரி உன் வயதுப் பெண். மேனேஜர் எதிரே உட்கார்ந்திருந்தார். இன்னைக்கு வேண்டாம்னு தோணினா நீங்க வீட்டுலயே இருந்துக்கலாமா அம்மா என்று அவள் கேட்டாள். சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அப்பா முகம்தான் கண் முன்னால் நின்றது. அப்போதுதான் பாப்பாவின் காதுகுத்து நினைவுக்கு வந்ததடா. டிக்கெட் எடுத்து, கொலுசு வாங்கி வைத்திருந்தேன், ஆள் இல்லை, லீவு கிடையாது என்றவர் இதே மேனேஜர். குழந்தை அழுததைப் போனில்தான் பார்த்தேன். பேத்தி காதுகுத்துக்கு லீவு கேட்டேம்மா, இவர் குடுக்கலை என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் கோயிலில் பூக்கட்டியிருக்கிறேன், பெருமாள் ஒரு நாளும் எனக்கு லீவு இல்லை என்று சொன்னதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். முடிவு எப்படி வருமோ, தெரியாது.

நான் பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் அப்பாவுக்குப் போன் வந்துவிட்டது, வியாழக்கிழமை மெஷின் ரிப்பேர், வர வேண்டாம் என்று. அப்பா என்னிடம், நீ சொன்னது சரிதான் என்றார். வேறு ஓர் இடத்தில் கேட்டிருக்கிறேன், பழைய ரிப்போர்ட்டோடு வரச் சொல்கிறார்கள், அதெல்லாம் உன் மெயிலில்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஹரி. யாழினிக்கும் பாப்பாவுக்கும் என் ஆசிகள், மூவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு நாளைக்கே கிளம்பி வா. நீ சம்பளம் வாங்குகிறவன், உனக்கு லீவு கேட்க உரிமை இருக்கிறது.

இப்படிக்கு உன் அம்மா,
ரங்கநாயகி