சுவிட்சில் சிக்கிய அட்சதை

ஞாயிறு, இரவு.

முகப்பேர் கல்யாணத்தில் முதல் முடிச்சு விழுந்ததும் அட்சதை பறந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்த என் கூட்டாளி பாபு, இடது ஃபிளாஷிலிருந்து வலது ஃபிளாஷுக்கு மாற்ற, கம்பியில்லாமல் ஃபிளாஷை எரியவைக்க நான் வீட்டில் செய்த டிரிகர் பெட்டியின் சுவிட்சைத் தள்ளினான். அதன்பின் இரண்டுமே எரியவில்லை.

கெட்டிமேளம் ஓய்ந்ததும் மேடையிலேயே ஆரம்பித்தான். "அமுக்குற பட்டன் வைடான்னு தலைபாடா அடிச்சிகினேன். நீ அழகா கீதுன்னு தள்ற சுவிட்ச் வெச்ச. இப்ப இன்னா சொல்ற?"

"பொட்டி நல்லாத்தான் கீது. உன் கைதான் நடுங்குது," என்றேன்.

பெண்ணின் அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார். பாபு குடிப்பதில்லை. அதை அவரிடம் சொல்லாமல் பெட்டியைப் பையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழற்றினேன். சுவிட்ச் ஓடும் பள்ளத்தில் ஒரு மஞ்சள் அரிசி. சுவிட்ச் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் பாதியில் நின்றிருந்தது. வாரம் இரண்டு கல்யாணத்துக்குப் போகிறேன். மேடையில் அரிசி விழும் என்று எனக்குத் தெரியாதா?

ஊசியால் நெம்பி எடுத்தேன். குப்பையில் போட மனம் வரவில்லை. மென்று விழுங்கிவிட்டேன்.

அவன் கை நடுங்கியதாகவே இருக்கட்டும்.