பேனருக்கு உன் நிஜப் பேர்

அன்புள்ள ஏகாம்பரம்,

இந்தப் பேர் சொல்லி உன்னை நான் கூப்பிட்டதே இல்லை. எழுதும்போதே வேற யாருக்கோ எழுதற மாதிரி இருக்குது.

நேரா விஷயத்துக்கு வர்றேன். இன்னிக்குப் பத்து மணிக்கு நம்ம பிளஸ் டூ செட்டு ஸ்கூல்ல கூடுது. முடிச்சுப் பத்து வருஷம் ஆச்சாம். இப்போ ஏழரை. சட்டையை ரெண்டு தடவை அயர்ன் பண்ணிட்டேன். இதுக்குன்னே லீவு போட்டு ஓசூர்ல இருந்து வந்தவன், நேத்து ஊருக்கே ஓடிடலாம்னு பையைத் தூக்கிகினு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பினேன்.

நான் மெஷின் ரிப்பேர் பாக்கறவன். கோளாறுன்னா ஒவ்வொண்ணா கழட்டிப் பார்ப்பேன். முடி கொட்டினதாலயா பயம்? இல்லை. இன்னும் கல்யாணம் ஆகாததாலயா? அதுவும் இல்லை. எல்லாம் குமரேசன் பண்ண போன்லதான் ஆரம்பிச்சுது. நம்ம கிளாஸ் லீடர் இப்போ பட்டுக் கடை வெச்சிருக்கான், கூட்டம் அவன் ஏற்பாடு.

"மச்சி, நம்ம சிக்குக்கு பேனர் அடிக்கறோம். அவன் நெஜப் பேரு என்னாடா? இங்க ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல."

சொன்னேன்.

"அவன் பெஞ்சுக்காரன் நீதான? ரெண்டு வார்த்தை பேசிடு, அப்புறம் மௌனம். ஜல்தியா முடி, பேஜார் பண்ணாத, பிரியாணி ஆறிடும். அவங்க அம்மாவையும் தங்கச்சியையும் முன்வரிசையில உக்கார வெக்கறேன்."

சேத்துப்பட்டு ரோட்ல லாரி அடிச்சு நீ போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. இன்னும் நீ அவனுங்களுக்கு சிக்குதான்.

அந்தப் பேர் யாரால வந்துச்சுன்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். ஒன்பதாவதுல தமிழ் ஐயா உன்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். முதல் வார்த்தையிலயே உனக்குத் திக்கிச்சு. கடைசி பெஞ்சுல குனிஞ்சுகினு, குரலை மாத்திக் கத்தினேன்: "ஐயா, பாவுல சிக்கு விழுந்துடுச்சு!" வேற ஊர்ப் பசங்களா இருந்தா முழிச்சிருப்பானுங்க. நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் காலையில தறியில பாவு நூலைச் சிக்கெடுத்துட்டு வந்தவனுங்க. சிரிச்சு உருண்டானுங்க. ஐயாவும் சிரிச்சார். அன்னியில இருந்து நீ சிக்கு. நீ என்னை ஒரு தடவை பார்த்தே, அவ்வளவுதான்.

நேத்து சாயங்காலம் போட்டோ வாங்க உங்க வீட்டுக்குப் போனேன். உன் தங்கச்சி சுமதி ரெண்டு போட்டோ எடுத்து வெச்சிருந்தா. நான் முட்டாள்தனமா, "பேருக்குக் கீழ சிக்குன்னும் போடலாமா? எல்லாருக்கும் அப்பதான் தெரியும்"னு கேட்டேன்.

"வாணாங்கண்ணா. வீட்ல அந்தப் பேரை யாரும் சொல்ல மாட்டோம். ஒரு நாள் தெருவுல எவனோ அப்படிக் கூப்பிட்டான்னு அண்ணன் ராத்திரி சாப்பிடவே இல்ல. யாரு வெச்சதுன்னு அம்மா எவ்வளவோ கேட்டாங்க, சொல்லவே இல்ல. உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியாது"ன்னேன்.

பட்டுன்னு வந்துச்சு. அதுக்கு மேல அவ குடுத்த காபியையும் குடிச்சுட்டு வந்தேன்.

ஏன்டா சொல்லலை? நாலு வருஷம் பக்கத்துல உக்காந்தே, உன் டிபன் பாக்ஸ்ல பாதி நான்தான் தின்னேன். மறந்துட்டியா, மன்னிச்சுட்டியா? இல்ல, சொன்னா உங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்கன்னு நினைச்சியா?

பதில் வராதுன்னு தெரியும். உக்காந்து யோசிச்சுகினு இருந்தா மறுபடி பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவேன்.

அதனால இப்பவே கிளம்பறேன். முதல்ல உங்க வீடு. உங்கம்மா இருக்கும்போதே சுமதிகிட்ட, "நேத்து பொய் சொன்னேன், வெச்சது நான்தான்"னு சொல்றேன். வெளிய போடான்னா போறேன். கூட்டத்துக்கு வரக் கூடாதுன்னா வரலை. விட்டாங்கன்னா, மைக்ல அத்தனை பேர் முன்னாடியும் இதையே சொல்லிட்டு, இனிமே அப்படிக் கூப்பிடாதீங்கடான்னு கேக்கறேன். பிரியாணி ஆறினா ஆறட்டும். இது சத்தியம்.

செருப்பு மாட்டிட்டேன்.

உன் பெஞ்சுக்காரன், உன் அம்மாவுக்கு இன்னும் உண்மை சொல்லாத இன்னொரு புள்ள,
தினகரன்