பழைய டைவரு ஆவறது எப்போ?

நெய்வேலி,
மார்கழி, 1961

அடி வீரம்மா,

"மீதிச் சம்பளத்த எவளுக்குக் குடுக்குற?"ன்னு கேட்டு எழுதியிருக்க. பல்லு போன கெழவன எவடி சேத்துக்குவா?

இங்க புது டைவருக்குப் பாதிச் சம்பளந்தான். ஒரு மழைக்காலம் முழுக்க லாரி சேத்துல மாட்டாம மைன்ஸ் மண்ணு அடிச்சாதான் பழைய டைவரு, முழுச் சம்பளம். நான் வந்த ரெண்டு வருசமும் கடைசி மழையிலதான் மாட்டிக்கினேன். கடைசி மழை வந்தா, சேறு நிக்குற பள்ளத்துக்கு என்னையே பாத்து அனுப்புறாரு காண்ட்ராக்டரு, அவ்ளோ பாசம்! "வாய்யா புது மாப்ள"ன்னு சிரிக்கிறாரு.

வேற மொதலாளி லாரிக்குப் போவலாம்னா, லைசென்ச இந்தக் காண்ட்ராக்டரு பொட்டியில வச்சிப் பூட்டிக்கினாரு. நான் தொலைச்சிடுவனாம்.

பொங்கலுக்கு வரலன்னு கோவிச்சிக்காத. சேத்துல மாட்டுன லாரிய அன்னிக்கே சங்கிலி கட்டி இழுத்துட்டாங்க. என்னத்தான் இன்னும் இழுக்கல.

இப்படிக்கு,
அம்பத்தெட்டு வயசுப் புது டைவரு